பேகம்பூரில் குறைந்த மழை

ஸ்தனிஸ்லாஸ் மழையை முதன்முதலில் ஓர் இடைஞ்சலாகத்தான் பார்த்தார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. திண்டுக்கல்லில் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்தவரை, கல்கத்தாத் துறைமுகத்தைக் காக்கும் விமான எதிர்ப்புப் படையில் ரேடார்த் திரைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அலையை வானத்தில் வீசி, அது எதன்மேலாவது பட்டுத் திரும்பினால் வட்டக் கண்ணாடியில் பச்சை வெளிச்சமாகக் காட்டும் கருவி அது. விமானம் வந்தால் புள்ளி தெரியும். மழை வந்தால் பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் தெரியும். பஞ்சுக்குள் புள்ளி காணாமல் போய்விட்டால் மேலே உள்ளவர்களிடம் திட்டு விழும். அதனால் மழை என்றாலே அங்கிருந்தவர்களுக்கு எரிச்சல். "சனியன் வந்துருச்சு" என்பார்கள். ஸ்தனிஸ்லாஸும் அப்படித்தான் சொன்னார். மழைக்கு அண்ணாந்து பார்த்தே கழுத்து நோகிற சீமையில் பிறந்துவிட்டு அதைச் சொல்ல முதலில் நாக்குக் கூசியதாம், பிறகு பழகிவிட்டதாம்.

போர் முடிந்தது. ஊர் திரும்பினார். மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஜமால் முகமது நடத்திவந்த ரேடியோக் கடையில் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஆனந்தமேரியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆனந்தமேரி கன்னியர் மடத்துப் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுப்பவர். அவருடைய அண்ணன் பாஸ்கல் நகராட்சியில் குமாஸ்தா. சர்க்கார் சம்பளம் வாங்காத ஆண்பிள்ளையை முழு ஆண்பிள்ளையாக ஒத்துக்கொள்ளாத மனிதர். "எங்க மச்சான் செத்த ரேடியோவுக்கெல்லாம் உயிர் குடுத்துருவாரு. வீட்டு அடுப்புக்குத்தான் உயிர் குடுக்கத் தெரியாது" என்று விருந்து வீடுகளில் சொல்வார். ஸ்தனிஸ்லாஸும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டுச் சாப்பிடுவார். பதினைந்து வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

1963 புரட்டாசியில் நத்தம் ரோட்டோரம், ஊருக்கு வெளியே இருந்த ஒரு மேட்டுப் பொட்டலில் பெரிய லாரி ஒன்று வந்து நின்றது. தலையில் அகன்ற இரும்புத் தட்டு. பக்கத்தில் டீசலில் ஓடும் மின்சார எந்திரம். வானிலை ஆராய்ச்சிக்காரர்கள் என்றார்கள். தலைவராக வந்தவர் பெருமாள்சாமி என்ற அதிகாரி. கோயில்பட்டிப் பக்கத்துக்காரர், பெங்களூரில் படித்தவர், அதிர்ந்து பேசாதவர். ரேடார் தெரிந்த ஆள் உள்ளூரில் யாராவது இருக்கிறார்களா என்று அவர் விசாரித்தபோது, கைகாட்ட ஊரில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

ஸ்தனிஸ்லாஸ் லாரிக்குள் ஏறிப் பார்த்தார். போர்க்காலத்தில் செய்த கருவி. பெயர்ப்பலகையைச் சுரண்டிவிட்டு வேறு வர்ணம் அடித்திருந்தார்கள். அவர் தொட்ட கருவிக்குத் தம்பி முறை.

"இதுல விமானம் வந்தா சொல்லணுமா சார்?" என்று கேட்டார்.

"விமானம் வந்தா விட்டுருங்க. மழை வந்தா சொல்லுங்க" என்றார் பெருமாள்சாமி.

விஷயம் இதுதான். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு மழை பெய்தது என்பதைத் தாலுகா ஆபீஸ் வாசலில் நட்டிருக்கும் மழைமானியே சொல்லிவிடும். இவர்கள் தேடி வந்தது மழையின் வேகத்தை. கால் மணி நேரத்துக்குள் எவ்வளவு கொட்டுகிறது, தூறலாக விழுகிறதா, சாத்துகிறதா என்பதை, மழை விழும் இடத்துக்குப் போகாமலே, பத்து மைலுக்கு இப்பால் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? முடிந்தால் ஓர் ஆற்றில் வெள்ளம் வருமுன்பே கரையில் இருப்பவர்களை எழுப்பிவிடலாம்.

வேலை செய்யும் விதம் ஸ்தனிஸ்லாஸுக்கு ரேடியோக் கடையின் தொடர்ச்சிபோல இருந்தது. கருவியில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகத் திருகக் கருவியின் செவி மந்தமாகிக்கொண்டே போகும், ரேடியோவில் ஒலியைக் குறைப்பதுபோல. மெல்லிய மழை முதல் திருகிலேயே திரையிலிருந்து மறையும். கனத்த மழை கடைசிவரை நிற்கும். எந்தத் திருகில் எந்த இடத்து மழை மறைகிறது என்று பார்த்தால் அங்கே மழையின் வேகம் என்ன என்று கணக்குப் போடலாம். மலைக்கோட்டையும் சிறுமலையும் மழை இல்லாத நாளிலும் திரையில் நிற்கும். அவற்றைக் கழித்துவிட வேண்டும். பொறுமையும் நிதானமான கையும் வேண்டிய வேலை. அவருக்கு இரண்டும் இருந்தன. சனியன் என்று ஒருகாலத்தில் வைத ஒன்றை இப்போது வா வா என்று காத்திருந்து பார்த்தார். அந்த மூன்று மாதத்தில் அவர் வீட்டில் சீட்டியடித்ததை ஆனந்தமேரி முதன்முறையாகக் கேட்டார்.

ஆனால் திரை சொல்வது மெய்தானா என்று பார்க்கத் தரையில் சாட்சி வேண்டும். காந்திகிராமம், நத்தம், கொடைரோடு, பேகம்பூர் என்று நாலு இடத்தில் மழைமானி நட்டார்கள். மற்ற மூன்றிலும் படித்த ஆட்கள் அமைந்தார்கள். பேகம்பூரில் மரமோ மாடியோ மறைக்காத இடம் தோல் பதனிடும் ஷாப்பின் காயப்போடும் களம் ஒன்றுதான். அதை ஒட்டிக் குடியிருந்தது அப்துல் கையூம் என்பவரின் குடும்பம். அவர் தோல் ஷாப்பில் வேலை. மழை நேரத்தில் அவர் ஈரத் தோல்களை அள்ளிக்கொண்டு ஓடுவாரா, மழையை அளப்பாரா? ஆகவே அவருடைய மனைவி ஜெய்தூன் பீவி பொறுப்பை ஏற்றுக்கொண்டார். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த மகள் பக்ருன்னிசாவுக்கு எழுதத் தெரியும். தாய் அளக்க, மகள் எழுதுவது என்று ஏற்பாடு.

சொல்லிக் கொடுக்கப் போனவர் ஸ்தனிஸ்லாஸ்.

"இது என்ன தம்பி, உண்டியலா?" என்று ஜெய்தூன் பீவி கேட்டார்.

"மழை உண்டியல்னு வச்சுக்கங்க அக்கா. மேல விழுகிறது புனல் வழியா உள்ள இருக்கிற பாட்டிலுக்குப் போயிரும். மழை பேயையில கால் மணிக்கு ஒருக்கா அந்தப் பாட்டிலை எடுத்துட்டு வேற பாட்டிலை வைக்கணும். எடுத்த தண்ணியை இந்தக் கண்ணாடி கிளாஸ்ல ஊத்தி எந்தக் கோட்டுல நிக்குதுன்னு பாத்துச் சொல்லணும். அம்புட்டுத்தான்."

"நான் பள்ளிக்கூடம் போகாதவ. தப்பா அளந்துட்டா சர்க்காரு பிடிச்சுக்கிட்டுப் போவாகளா?"

"உலைக்கு அரிசி அளக்கிறீகல்ல, அது மாதிரிதான் அக்கா. பதறாம அளங்க."

"அரிசியா? அது கண்ணை மூடிக்கிட்டு அளப்பேன்."

"வேணாம். தொறந்துக்கிட்டே அளங்க."

உள்ளே நிறைமாதமாக உட்கார்ந்திருந்த பக்ருன்னிசா சிரித்துவிட்டாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. மழை பெய்யும்போதெல்லாம் ஸ்தனிஸ்லாஸ் லாரிக்குள் குமிழைத் திருகிக்கொண்டிருப்பார். நின்ற பிறகு சைக்கிளிலும் பஸ்ஸிலுமாகப் போய் எழுதிய தாள்களை வாங்கி வருவார். காந்திகிராமம் திரையோடு ஒத்துப் போயிற்று. நத்தமும் கொடைரோடும் ஏறக்குறைய ஒத்துப் போயின. பேகம்பூர் மட்டும் ஒத்து வரவில்லை. பெருமழை பெய்த நாளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. சிறுமழையில்தான் சிக்கல். திரையில் பேகம்பூருக்கு மேலே தெளிவாக மழை நிற்கும். தரையிலிருந்து வரும் தாளில் பாதி இருக்கும், சில நாள் ஒன்றுமே இருக்காது.

முதல் பழி ரேடார்மேல் விழுந்தது. ரேடார்மேல் என்றால் அதைத் திருகும் கைமேல். "அந்தப் பக்கம் மட்டும் ஏன் கூடக் காட்டுது மிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ்?" என்று பெருமாள்சாமி தினமும் கேட்டார். ஸ்தனிஸ்லாஸ் தட்டை இறக்கித் துடைத்தார். வால்வுகளை மாற்றிப் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை. ஊரில் வேறு பேச்சு. வெங்காய மூட்டையோடு வண்டியில் வந்த ஒரு சம்சாரி லாரிக்கு எதிரே மாட்டை நிறுத்தி, "ஏப்பா, எங்க மழையைத் தட்டுல ஏந்தி எங்குட்டுக் கொண்டு போறீக? கொஞ்சம் எங்க காட்டுலயும் சிந்துங்க" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஒருநாள் பெருமாள்சாமி தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முகம் தெளிந்தது. "ரேடார் பொய் சொல்லலை. தாளும் பொய் சொல்லலை. மேலே மழை இருக்கு. கீழே வந்து சேரலை. நடுவழியில வத்திப் போகுது" என்றார். ஊரைச் சுற்றிப் பாறையும் பொட்டலும் சூடேறிக் கிடக்கின்றன; சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் நடுவே வறண்ட காற்று தேங்கி நிற்கிறது; சிறு துளிகள் அந்தக் காற்றில் இறங்கும்போதே ஆவியாகிவிடுகின்றன, பெருந்துளிகள் தப்பித்துத் தரைக்கு வந்துவிடுகின்றன. சிறுமழை குறைந்து பெருமழை குறையாமல் இருந்ததற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது. அப்படி நடப்பதும் உண்டுதான்.

அன்றிலிருந்து லாரியின் காற்றே மாறியது. பெருமாள்சாமி மேலிடத்துக்கு எழுதினார். திண்டுக்கல் சமவெளியை இன்னும் இரண்டு மூன்று வருடமாவது தொடர்ந்து பார்க்க வேண்டும், லாரி இங்கேயே இருக்க வேண்டும் என்று எழுதினார். கருவியை நன்றாக அறிந்த ஆள் என்று ஸ்தனிஸ்லாஸின் பெயரை நிரந்தர வேலைக்குச் சிபாரிசு செய்தார். வயது நாற்பத்தொன்று, பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் வயது வரம்பைத் தளர்த்துவார்களாம். ஆனால் ஆள் எடுக்க வேண்டுமானால் முதலில் லாரி இங்கே தங்க வேண்டும். லாரி தங்க வேண்டுமானால் பேகம்பூர் மழை வற்ற வேண்டும்.

செய்தி பாஸ்கலுக்கு எட்டியது. மறு ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலிலேயே மடக்கிவிட்டார். "மச்சான், ஆர்டர் வந்தா முத ஆளா எனக்குக் காட்டணும். உங்களுக்குப் படிச்சாப் புரியாது. பென்ஷன் உண்டா இல்லையான்னு ஒரு வரியிலதான் போட்டிருப்பான்."

"காட்டுறேன் மச்சான்."

"நான் அப்பவே சொன்னேன், எங்க மச்சான் லேசுப்பட்ட ஆளில்லன்னு" என்றார் பாஸ்கல். எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

கார்த்திகையில் ஒரு பிற்பகல் டீசல் எந்திரம் படுத்துவிட்டது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கருவி ஓடாமல் லாரிக்குள் உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. "நீங்க பேகம்பூர் போங்க. மழை கீழே எப்படி வந்து சேருதுன்னு கண்ணால பாத்துட்டு வாங்க" என்று பெருமாள்சாமி அனுப்பினார். மழை பெய்யும்போது ஸ்தனிஸ்லாஸ் மழைமானிக்குப் பக்கத்தில் நின்றது அன்றுதான் முதல் தடவை.

களத்தில் தோல்களை அள்ளி முடித்திருந்தார்கள். தூறல் விழுந்து, சீராகப் பிடித்தது. பக்ருன்னிசாவுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள்கூட ஆகியிருக்காது. மடியில் சின்னதாக, மூச்சிளைப்போடு கிடந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்து, "அம்மா, நேரமாச்சு" என்றாள். ஜெய்தூன் பீவி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போய் பாட்டிலை மாற்றிவிட்டு, எடுத்த பாட்டிலோடு தாழ்வாரத்துக்கு வந்தார். ஈயம் பூசிய ஒரு சின்னக் கிண்ணியை எடுத்தார். "பிஸ்மில்லா" என்று சொல்லி முதல் தண்ணீரை அதில் சரித்து ஓரமாக வைத்தார். மீதியைக் கண்ணாடி கிளாசில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து, கோட்டைச் சொன்னார். மகள் எழுதினாள். எல்லாம் அத்தனை ஒழுங்கு.

ஸ்தனிஸ்லாஸ் கிண்ணியைப் பார்த்தார். "அக்கா, அதுல என்ன?"

"தண்ணிதான் தம்பி."

"அதை அளக்கலையே?"

"அதை எதுக்கு அளக்க? அது வேண்டியவுகளுக்கு." சாக்கை உதறிக்கொண்டே சொன்னார். "தரையைத் தொடாத, கூரை ஓட்டைத் தொடாத தண்ணி உங்க சட்டியிலதானே விழுகுது. எங்க வீட்டு அவுக ஓதிக் குடுப்பாக. காய்ச்சக்காரக, கண்ணு நோவுக்காரக கேட்டு வாராக. இந்தப் பிள்ளைக்கும் ரெண்டு சொட்டு நாக்குல வைக்கிறோம்."

"அளந்துட்டு அப்புறமா எடுத்து வச்சா ஆகாதா அக்கா?"

"அளந்ததுல பரக்கத் ஏது, அருள் ஏது?" ஜெய்தூன் பீவி அவரை விநோதமாகப் பார்த்தார். "நீங்கதானே சொன்னீக, அரிசி அளக்கிற மாதிரின்னு. நான் அரிசி எடுக்கையில முதப் பிடி பள்ளிவாசல் பானைக்கு. அப்புறந்தான் படியில அளந்து உலைக்கு. அப்படித்தானே எல்லா வீட்டுலயும்?"

ஒரு தடவைக்கு ஒரு கிண்ணி. பெருமழையில் ஒரு கிண்ணி போனால் தெரியாது. சிறுமழையில் ஒரு கிண்ணி போனால் மிச்சமே இருக்காது. ஸ்தனிஸ்லாஸ் தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்துகொண்டு அடுத்த பாட்டிலையும், அதற்கடுத்த பாட்டிலையும் பார்த்தார்.

போகும்போது சொன்னார். "அடுத்த மழையிலேருந்து வேண்டியவுகளுக்குத் தனியா ஒரு பாத்திரத்தை வெட்டவெளியில வச்சுக்கங்க அக்கா. இந்தப் பாட்டில் தண்ணி முழுசா கிளாசுக்குப் போகட்டும்."

"ஏன், குறையுதா?"

"செத்தக் குறையுது."

ஜெய்தூன் பீவியின் முகம் சுண்டிவிட்டது. "திருட்டுக் கணக்காப் போச்சா தம்பி?"

"இல்லக்கா. நான் சொல்லிக் குடுத்தது சரியில்ல."

வீட்டுக்கு வந்தபோது ஆனந்தமேரி உலை வைத்துக்கொண்டிருந்தார். அரிசிப் பானையைத் திறந்து, முதல் பிடியை அள்ளிக் கோயிலுக்குச் சேர்க்கும் சின்னச் செப்பில் போட்டார். அதன் பிறகு உழக்கை எடுத்தார். இத்தனை வருடமாக ஸ்தனிஸ்லாஸின் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. அவர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"அளந்துட்டு அப்புறம் ஒரு பிடி எடுத்தா என்ன?"

"அளந்துட்டா அது நம்ம அரிசி. நம்ம அரிசியில எடுத்துப் போட்டா அது மிச்சம். முதல்ல எடுத்தாத்தான் காணிக்கை" என்றார் ஆனந்தமேரி, திரும்பிப் பார்க்காமலே. "இன்னைக்கு என்ன வந்துச்சு உங்களுக்கு? கால் கழுவிட்டு வாங்க."

அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மழையில் பேகம்பூர்த் தாள் ரேடாரோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப் போயிற்று. மழை வற்றுகிற கணக்கு இதோ உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் தாளைக் கொடுத்தார். பெருமாள்சாமி பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார், இரண்டு நாள் யோசித்தார். "தொடர்ந்து பெஞ்சதுல காத்து ஈரமாயிருச்சு. ஈரக் காத்துல துளி வத்தாது. பருவத்தோட ஆரம்பத்துல வத்துது, நடுவுல நிக்குது. பாத்தீங்களா, எவ்வளவு அழகா இருக்கு" என்றார். அறிக்கையில் ஒரு பக்கம் கூடியது.

இனி வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும் என்று அப்போது ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரிந்தது. மழை குறைந்தாலும் அறிக்கைக்கு ஆதரவு, குறையாவிட்டாலும் ஆதரவு. ஜெய்தூன் பீவியை யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. லாரி தங்கும். ஆர்டர் வரும்.

அவர் சும்மாதான் இருந்தார். ஒரு வாரம் இருந்தார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சிறுமழை. திரைக்கு முன்னால் உட்கார்ந்து குமிழைத் திருகிக்கொண்டு வந்தார். நத்தம் பக்கத்து மழை மறைந்தது. மறைந்தது என்று குறித்தார். பேகம்பூருக்கு மேல் இருந்த வெளிச்சம் மங்கியது. ஒரு திருகு வைத்தார். இருக்கிறது என்று எழுதப் போனார். மறுபடி பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. இருக்க வேண்டும் என்று கண் எதிர்பார்த்த இடத்தில் இருப்பதாகக் கை எழுதப் பார்த்திருக்கிறது. மேலே கூடுதலாக மழை இருந்தால்தானே கீழே வற்ற முடியும். போன மழையில் எத்தனை முறை அப்படி எழுதினோம் என்று நினைவுபடுத்திப் பார்த்தார். தெரியவில்லை. அதுதான் அவரை உலுக்கியது. குண்டு விழும் என்று தெரிந்த காலத்திலேயே, திரையில் இருப்பதைத் தவிர வேறொன்றை அந்தக் கை சொன்னதில்லை.

மழை விட்டதும் லாரியின் பின்படியில் உட்கார்ந்திருந்த பெருமாள்சாமியிடம் போனார்.

"சார், பேகம்பூர்க் கணக்கை எடுத்துருங்க."

"ஏன்?"

"அங்க மழை வத்தலை. அளக்கிறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணி எடுத்து வச்சிருக்காங்க. அரிசி அளக்கிற மாதிரி அளங்கன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

பெருமாள்சாமிக்கு முதலில் விளங்கவில்லை. ஸ்தனிஸ்லாஸ் பிடியரிசியை விளக்கிச் சொன்னார். சொல்லி முடித்ததும் பெருமாள்சாமி செருப்பு நுனியால் ஈர மண்ணைக் கிளறினார். அவருக்கும் கோயில்பட்டியில் ஒரு வீடு உண்டு; அந்த வீட்டிலும் அரிசிப் பானை உண்டு.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"எந்திரம் படுத்த அன்னைக்கு."

"ரெண்டு வாரமாச்சு."

"ஆமா சார்."

பெருமாள்சாமி எழுந்து, "கிண்ணி ஒரே அளவுன்னா அதைக் கூட்டிக்கலாம். கணக்கைக் காப்பாத்திரலாம். வாங்க" என்றார்.

இருவரும் பேகம்பூர் போனார்கள். ஜெய்தூன் பீவி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கிண்ணியைக் கொண்டுவந்து கொடுத்தார். பெருமாள்சாமி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எவ்வளவு எடுப்பீங்கம்மா? நிறையவா, பாதியா?"

"அது ஆளைப் பொறுத்துங்க சார். ஒருத்தர் ரெண்டு பேர்னா ஒரு வாய் போல. வியாழக்கிழமை சாயந்தரம்னா நெறையப் பேரு வருவாக, ரெண்டு கிண்ணி எடுப்பேன். பிள்ளைக்கு ரொம்ப முடியாமப் போச்சே, அன்னைக்கு…" நிறுத்திக்கொண்டார். "அன்னைக்கு நிதானம் இல்ல."

"பிள்ளை இப்ப எப்படி இருக்கு?"

"இருக்குங்க."

பெருமாள்சாமி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். கூட்டிக்கொள்ள வழியில்லை. ஜெய்தூன் பீவி உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தார். பெருமாள்சாமி வாங்கத் தயங்கியதைப் பார்த்து, "இது அளந்த தண்ணிதான் சார். தைரியமாக் குடிங்க" என்றார். பெருமாள்சாமி சிரித்துவிட்டார். அவர் பல் வரிசை எப்படி இருக்கும் என்று ஸ்தனிஸ்லாஸ் அன்றைக்குத்தான் பார்த்தார்.

அறிக்கை மூன்று இடத்துக் கணக்கோடு போயிற்று. ரேடார் சொல்வதும் தரை சொல்வதும் ஒத்துப் போகின்றன, சமவெளியில் விசேஷம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மேலிடத்திலிருந்து பதில் சீக்கிரமே வந்தது: வேலை திருப்தி, பருவம் முடிந்ததும் வண்டியைக் கிழக்குக் கடற்கரைக்குக் கொண்டுபோகவும். கடற்கரையில் அவர்களுக்கு ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள்.

தை பிறந்ததும் லாரி போய்விட்டது. தார்ப்பாயை இழுத்துக் கட்டும்வரை ஸ்தனிஸ்லாஸ் கூட இருந்தார். பெருமாள்சாமி கைகுலுக்கி, நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று கொடுத்தார். ஜமால் முகமது பழைய ஸ்டூலை எடுத்துப் போட்டு, "வாங்க, ஆறு செட்டு ஊமையாக் கிடக்கு" என்றார். அதன் பிறகு ஸ்தனிஸ்லாஸ் ஐந்து வருடம்தான் இருந்தார். 1969 தொடக்கத்தில் ஒரு காலை, கடைக்குப் புறப்பட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அப்துல் கையூம் கடைசிவரை நின்றுவிட்டுப் போனார். ஜெய்தூன் பீவி மறுநாள் வீட்டுக்கு வந்து ஆனந்தமேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இவையெல்லாம் பின்னால் நடந்தவை. லாரி கிளம்புவதற்கு முன்பே, அந்த மார்கழியில் கிறிஸ்துமஸ் வந்தது. மத்தியானம் பாஸ்கல் வீட்டில் விருந்து. சொந்தபந்தம் எல்லாம் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஆனந்தமேரி பரிமாறிக்கொண்டிருந்தார். பாஸ்கல் எல்லார் காதிலும் விழும்படி தொடங்கினார்.

"மச்சான், என்ன, மெட்ராஸ்லேருந்து ஆர்டர் வந்துருச்சா?"

"வராது மச்சான்" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"வராதா? ஏன்?"

"பேகம்பூர்ல மழை சரியாத்தான் பேஞ்சிருக்கு."

பாஸ்கல் ஒரு கணம் விழித்தார். அப்புறம் வெடித்துச் சிரித்தார். பந்தி முழுக்கச் சிரித்தது. "பாத்தீகளா, எங்க மச்சான் விகடத்தை" என்று பக்கத்தில் இருந்தவர் தொடையில் தட்டினார். ஸ்தனிஸ்லாஸும் சேர்ந்து சிரித்தார்.

கிண்ணிக் கதை தெரிந்த ஆனந்தமேரி மட்டும் சிரிக்கவில்லை. வெஞ்சனச் சட்டியோடு வரிசையில் வந்தவர் கணவரின் இலைக்கு முன்னால் நின்றார். "சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"இருந்திருக்கலாம்."

ஆனந்தமேரி கரண்டியை முக்கி எடுத்தார். இரண்டு துண்டு கறி கூட வைத்துவிட்டு, அடுத்த இலைக்குப் போனார்.